விட்ட இடத்திலிருந்து

வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊரில் என்னைப் பற்றி விசாரித்தால், அந்தம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று சொல்வார்கள். பொய்யில்லை. நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் முட்டை சிறிதாக வந்தால் வண்டிக்காரரோடு சண்டை. பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போனால் அடுத்த நாள் அதே பஸ்ஸை மறித்துக் கண்டக்டரோடு சண்டை. ஆனால் கையளவு இருக்கும் ஒரு பாட்டுப்பெட்டிக்காக இரண்டு மாவட்டத்தில் கடை கடையாய் ஏறிச் சண்டை போடுவேன் என்று நானே நினைத்ததில்லை.

அது என் தங்கைக்காக. அவளுக்குக் கண் தெரியாது. பிறவியில் வந்ததல்ல. பெரம்பலூரில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது கண் நரம்பில் ஏதோ நோய் என்றார்கள். திருச்சிக்கும் மதுரைக்கும் அலைந்தோம். ஆறு மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா போன பிறகு என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பாடாலூரில் மெயின்ரோட்டு ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். பிள்ளை இல்லை எங்களுக்கு. மூன்று பேர் இருக்கும் வீடு.

அவள் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிறாள். போன முறை கொஞ்சத்தில் தவறிப்போனது. இந்த முறை விட்டால் அடுத்தது எப்போது வருமோ தெரியாது. வயது ஏறிக்கொண்டே போகிறது. ஆபீஸில் ஒரு நாற்காலி, மாதச் சம்பளம், தன் பெயர் போட்ட ஒரு அடையாள அட்டை. இவ்வளவுதான் அவள் கேட்டது. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது.

ஆனால் படிப்பது எப்படி? இருபது வயதை ஒட்டிப் பார்வை போனதால், தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து விரலுக்கு ஏறவில்லை. காதுதான் வழி. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடப் புத்தகங்களை நான் சத்தம் போட்டுப் படிப்பேன், என் போன் அதைப் பதிவு செய்யும். சாயங்காலம் அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு வந்து, முன்னறையில் மின்விசிறியை நிறுத்தி, வேர்வை வழிய உட்கார்ந்து படிப்பேன். ஒரு பாடம் முக்கால் மணி நேரம் போகும். முடிந்ததும் பெரம்பலூர் போகிற அன்று பாட்டு ஏற்றித் தருகிற கடையில் போனைக் கொடுத்து, மெமரி கார்டில் ஏற்றி வாங்கி வருவேன்.

இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. மறைப்பானேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் மெச்சினார்கள். கூடப் பிறந்தவளுக்கு இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்கிறார்கள் என்று ஊராட்சி ஆபீஸில்கூடப் பேச்சு. அதைக் கேட்கும்போது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

நான் படித்ததை நானே ஒருநாளும் திரும்பப் போட்டுக் கேட்டதில்லை. எங்கே நேரம்? அதில் என்னென்ன சத்தம் கலந்திருக்கிறது என்று அவள்தான் சொல்லிச் சிரிப்பாள். மூன்றாம் பாடத்தில் குக்கர் விசில் நான்கு தடவை வருகிறதாம். ஐந்தாம் பாடத்தில் தக்காளி வண்டிக்காரரின் ஸ்பீக்கர், சோழர் வரலாற்றின் நடுவே கிலோ விலை சொல்கிறதாம். நடுவில் யாராவது வந்தால் பதிவை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நிறுத்தினால் பாடம் இரண்டு துண்டாகிவிடும், கடைக்காரர் முன்பின்னாக ஏற்றிவிடுவார் என்று, போனை அப்படியே குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவேன். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படிப்பேன். அதுதான் என் வழக்கம்.

அவள் பகலில் சும்மா இருக்கிறவள் அல்ல. எங்கள் பக்கம் சின்ன வெங்காயம் விளைகிற பூமி. அறுவடை ஆனதும் நாலு வீடு தள்ளி ஒரு கொட்டகையில் மலைபோல் கொட்டி வைத்திருப்பார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து தாளையும் வேரையும் கிள்ளித் தருவார்கள். அதற்குக் கண் வேண்டியதில்லை, விரல் போதும். என் தங்கை எல்லோருக்கும் முன்னால் கூடையை நிரப்பிவிடுவாள். காதில் பாடம் ஓடிக்கொண்டே இருக்கும்.

போன் இருக்கும்போது தனியாக ஒரு பாட்டுப்பெட்டி எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. என் வீட்டுக்காரரும் கேட்டார். வெங்காயத் தோலும் மண்ணும் ஒட்டிய விரலுக்குத் தொடுதிரை பேசாது. கையைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டால் ஈரத்தில் வேறு எங்கோ போய் நிற்கும். நடுவில் கடன் வேண்டுமா என்று எவனாவது போன் செய்வான், பாடம் அறுந்துவிடும். அமுக்கினால் உள்ளே போகிற பட்டன், விரலால் தடவித் தெரிந்துகொள்கிற பட்டன், அதுதான் அவளுக்கு வேண்டும். இதை ஒருவருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும்.

முதலில் பஸ் ஸ்டாண்டு நடைபாதைக் கடையில் ஒன்று வாங்கித் தந்திருந்தேன். தீப்பெட்டியைவிடச் சிறியது. சட்டையில் மாட்டிக்கொள்ளலாம். நான்கே பட்டன். அதில் ஒரு குறை. நிறுத்திக் கொஞ்ச நேரமானால் தானாக அணைந்துவிடும். மறுபடி போட்டால் அந்தப் பாடத்தின் தலையிலிருந்து ஆரம்பிக்கும். பாடத்துக்குள் முன்னே தள்ளவும் முடியாது. தள்ளினால் அடுத்த பாடத்துக்குப் போய்விடும். கொட்டகையில் யாராவது கூப்பிட்டால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் முதலிலிருந்து கேட்க வேண்டும். ஒரே பாடத்தின் முதல் பத்து நிமிடத்தையே அவள் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் நான் கொட்டகைக்குப் போனபோது, அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு வெங்காயம் கிள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மாட்டிக்கொண்டாள். காது வலிக்கிறதோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அக்கா, வேற ஒண்ணு வாங்கிக் குடுக்கா. விட்ட எடத்துலேருந்து வர்ற மாதிரி" என்று ஒரு சாயங்காலம் கேட்டாள். வேறு எதுவும் சொல்லவில்லை. பெரிதா சிறிதா, என்ன நிறம், எத்தனை பாட்டு, ரேடியோ உண்டா, ஒன்றும் இல்லை. விட்ட இடத்திலிருந்து வர வேண்டும். பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. நேரம் வீணாகிறது என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நியாயமாகத்தான் பட்டது.

ஒரு சனிக்கிழமை பெரம்பலூர் போனேன். அவளைக் கூட்டிப்போகவில்லை. கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது எனக்குச் சிரமம், கடைக்காரர்களும் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டுப் போனேன்.

முதல் கடைக்காரர் கண் தெரியாதவருக்கு என்று சொன்னதும் முகத்தில் ஒரு பரிதாபத்தை வரவழைத்துக்கொண்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து கோபுரப் படம் போட்ட ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளேயே சாமி பாட்டு நிரப்பி வைத்திருக்கிறதாம். பட்டனைத் தட்டினால் விடியக்காலையிலிருந்து பாடிக்கொண்டே இருக்குமாம். அவங்களுக்கு மனசுக்கு ஆறுதலா இருக்கும்மா என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. கண் போனால் காலையும் மாலையும் சாமி பாட்டுக் கேட்டுக்கொண்டு மூலையில் கிடக்க வேண்டுமா? என் தங்கை பரீட்சை எழுதப்போகிறாள், அவளுக்கு ஆறுதல் வேண்டாம், பாடம் வேண்டும் என்று கத்திவிட்டேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இறங்கி வந்தேன்.

இரண்டாவது கடையில் ஒரு இளைஞர் காதில் எதையோ மாட்டிக்கொண்டே பேசினார். எவ்வளவு பாட்டு வேணும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கேள்வி தெரியவில்லை. நிறுத்தினால் அதே இடத்திலிருந்து வருமா என்று நான் கேட்க, பேஸ் நல்லா இருக்கும்க்கா என்றார். மறுபடி கேட்க, லைட் எரியும்க்கா, பாட்டுக்கு ஏத்த மாதிரி கலர் மாறும் என்றார். கண் தெரியாதவளுக்குக் கலர் எதுக்கு என்று கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்போதே அவர் வாயில் திருப்பித் திணித்துவிட்டு வரலாம் போல இருந்தது.

மூன்றாவது கடைக்குள் ஏறும்போது மணி இரண்டு. காலையில் சாப்பிட்டதுதான். கடைக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து கறுப்பாக, வழவழவென்று ஒன்றை எடுத்து வைத்தார். அறுபத்து நான்கு ஜிபி. இதுக்குமேல என்னாம்மா வேணும், ஒரு காலேஜ் லைப்ரரியவே உள்ள தள்ளலாம் என்றார். ரேடியோ இருக்கிறது, படம் பார்க்கலாம், போட்டோ போடலாம், காலண்டர் இருக்கிறது, கம்பியில்லாமல் காதில் மாட்டலாம். சொல்லச் சொல்ல எனக்கு மனதில் கணக்கு ஓடியது. ஆறு முதல் பத்து வரை எல்லாப் புத்தகமும், பழைய வினாத்தாளும், நடப்புச் செய்தியும், எல்லாம் ஒன்றிலேயே போட்டுவிடலாம். ஆயுசுக்கும் இனி கடைக்கு நடக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து வருமா என்று கேட்டேனா? கேட்டேன். எல்லாம் இருக்கும்மா இதுல என்றார். எல்லாம் என்றால் அதுவும் சேர்த்துத்தானே என்று வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவள் கையில் கொடுத்ததும் திருப்பித் திருப்பித் தடவினாள். அதில் தடவுவதற்கு ஒன்றுமில்லை. முகம் முழுக்கக் கண்ணாடி. பட்டன் என்று கீழே ஒரு வட்டம், அதுவும் தொட்டால் வேலை செய்வது, அமுக்கினால் உள்ளே போகாது. என் வீட்டுக்காரர் படித்துச் சொல்லச் சொல்ல, நான் அவள் விரலைப் பிடித்து, மேலே இரண்டு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை என்று பழக்கினேன். பாட்டு, படம், போட்டோ, புத்தகம், காலண்டர் என்று வரிசை. ஒரு தடவை தவறினால் காலண்டருக்குள் போய் நின்றுவிடும். கண் தெரியாதவள் காலண்டருக்குள் மாட்டிக்கொண்டால் யார் வெளியே கொண்டுவருவது?

கடைசியில் ஒருவழியாகப் பாடம் ஓடியது. நிறுத்தினாள். அணைத்தாள். மறுபடி போட்டாள். பாட்டு, படம், போட்டோ என்று முதலிலிருந்து வரிசை வந்தது. பாடமும் தலையிலிருந்து ஆரம்பித்தது.

"விட்ட எடத்துலேருந்து வரலக்கா" என்றாள்.

அவ்வளவுதான். அன்று பூராவும் கடைக்காரர்கள் மேல் இருந்த கோபமெல்லாம் அவள் மேல் திரும்பியது. அறுபத்து நான்கு ஜிபி, வெயிலில் நாயாய் அலைந்து வாங்கி வந்திருக்கிறேன், சோறு தின்னவில்லை, இதில் இல்லாதது ஒன்று உண்டா, எதைக் கொடுத்தாலும் ஒரு குறை, அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்கினால் நான் எங்கே போவது என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் பழைய சின்னப் பெட்டியை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்தப் பேசாமை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

திங்கட்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி பெரம்பலூர். நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்த அதே மனிதர், பாக்கெட்டைப் பிரித்தால் திரும்ப எடுப்பதில்லை என்று சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். எல்லாம் இருக்கிறது என்று சொன்னீர்களே என்றேன். பாட்டு பாடுதில்ல என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைத் தட்டினேன். பக்கத்துக் கடையிலிருந்து ஆள் வந்துவிட்டது. ஒரு பெரியவர், போங்கம்மா, பொம்பளைங்க இப்படிக் கத்துனா நல்லாவா இருக்கு என்றார். அவரையும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தேன். அந்தக் கறுப்புப் பெட்டி இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் எப்போதாவது கிரிக்கெட் கேட்பார்.

அடுத்த வாரம் அவளே ஒரு தகவல் சொன்னாள். அவளைப் போலவே பார்வை இல்லாமல் இதே பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண் ஜெயங்கொண்டத்தில் இருக்கிறாள். இருவரும் போனில்தான் பழக்கம். அரியலூரில் ஒரு கடையில் தனக்குத் தோதான பெட்டி கிடைத்தது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். நானும் வரேன்க்கா என்றாள் என் தங்கை. எதற்கு, வெயில், பஸ் என்று நான் இழுக்க, நானும் வரேன் என்று மறுபடி சொன்னாள். அந்தக் குரலில் மறுப்பதற்கு இடமில்லை.

பெரம்பலூரில் மாறி அரியலூர் பஸ் ஏறினோம். சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டிப் போகும் ரோடு. ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையில் வெள்ளையாகப் புழுதி ஒட்டும். அவள் சின்னப் பெட்டியை மாட்டிக்கொண்டு பாடம் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் அரியலூர்க் கடைக்காரனிடம் என்ன பேச வேண்டும், எப்படி மடக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையில் இருந்தது கடைக்காரன் இல்லை, ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். நான் வாயைத் திறந்து, இவளுக்குப் பார்வை இல்லை, இவளுக்கு என்ன வேண்டுமென்றால் என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, என் தங்கை பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. எப்படி வேணும்?"

இத்தனை கடை ஏறி இறங்கியதில் இப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் கேட்டதில்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டு இவளிடம் என்ன பேச்சு என்றுதான் முதலில் சுருக்கென்றது.

என் தங்கை சொன்னாள். பட்டன் தடவினால் தெரிய வேண்டும். நிறுத்திவிட்டு அடுத்த நாள் போட்டாலும் அதே இடத்திலிருந்து வர வேண்டும். பாடத்துக்குள்ளேயே முன்னே தள்ள வேண்டும். ஜிபி எவ்வளவு என்று அந்தப் பெண் கேட்டதற்கு, எட்டு இருந்தாலே எனக்கு மிச்சம் என்றாள். அந்தப் பெண் மூன்று பெட்டிகளை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். என் தங்கை ஒவ்வொன்றாகத் தடவி இரண்டை ஒதுக்கிவிட்டு, சாம்பல் நிறத்தில் பழைய ரேடியோ மாதிரி இருந்த ஒன்றை வைத்துக்கொண்டாள். அழகே இல்லாத பொருள். நானாக இருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

"உங்க கார்டையே போட்டுப் பாத்துருவோம்க்கா" என்று அந்தப் பெண் சின்னப் பெட்டியிலிருந்து மெமரி கார்டை எடுத்துப் புதியதில் செருகினாள். எந்தப் பாடம் என்று கேட்டாள். எதுவா இருந்தாலும் சரி என்றாள் என் தங்கை. அந்தப் பெண் இரண்டு மூன்று தடவை ஏதோ அமுக்கினாள். அதில் ஸ்பீக்கரும் இருந்தது. கடை முழுக்க என் குரல் கேட்டது.

ஏழாம் பாடம், உள்ளாட்சி அமைப்புகள். நிறுத்தி நிதானமாக, டீச்சர் மாதிரி படித்துக்கொண்டிருந்தேன். எனக்கே நன்றாக இருந்தது. சார்ஜர் வாங்க வந்து நின்ற ஒருவரும், ரீசார்ஜ் செய்ய வந்த இரண்டு பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான்தான் படித்தது என்று அவர்களிடம் சொல்லவும் செய்தேன். அந்தப் பெண் பாடத்துக்குள் கொஞ்சம் முன்னே தள்ளிக் காட்டினாள். கதவு தட்டுகிற சத்தம். போனைக் கவிழ்த்து வைக்கிற சத்தம். வாங்க வாங்க என்று நான் யாரையோ வரவேற்கிறேன்.

என் நாத்தனார் குரல். மகளுக்குக் காது குத்து என்று பத்திரிகை வைக்க அவள் வந்திருந்த நாள் அது. தட்டில் வெற்றிலை பாக்கு வைக்கிற சத்தம், அண்ணன் எங்க என்று கேட்பது, எல்லாம் தெளிவாக வந்தது. பிறகு நாத்தனார், தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வரணும் அண்ணி என்றாள். அடுத்து என் குரல்.

"அத எங்க கூட்டிக்கிட்டு வர்றது. கண்ணு தெரியாதத வச்சிக்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். பரிச்சையாவது ஒண்ணாவது. பாஸாயிதான் என்னா பண்ணப்போவுது. சும்மா ஒக்காந்து அழுவாம கெடக்கட்டும்னு ஏதோ படிச்சிக் குடுக்குறேன்."

கடைப் பெண் சட்டென்று அணைத்துவிட்டாள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது, அவள் செய்யாத தப்புக்கு. ரீசார்ஜ் செய்ய வந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஊரில் யாரை வேண்டுமானாலும் எதிர்த்துப் பேசுகிறவள் நான். நான் பேசியது அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

என் தங்கை கையை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். பட்டனைத் தேடி விரலை வைத்தாள்.

"இப்ப போட்டா அதே எடத்துலேருந்து வரணும். பாப்போம்" என்றாள்.

அமுக்கினாள். நாத்தனார் போயிட்டு வரேன் அண்ணி என்றாள். கதவு சாத்தும் சத்தம். நான் வந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, கிராம சபை என்று அதே டீச்சர் குரலில் ஆரம்பித்தேன். என் பேச்சு மறுபடி வரவில்லை. அது பின்னால் போய்விட்டது.

"வருதுங்க. இதையே குடுத்துருங்க" என்று கடைப் பெண்ணிடம் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று மாதமாக அவள் அந்தச் சின்னப் பெட்டியில் ஏழாம் பாடத்தைக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் அந்தப் பத்திரிகைத் தட்டு, அந்தக் கேள்வி, அந்தப் பதில். தாண்டிப்போக வழியில்லாமல் காதில் மாட்டியதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அது முடியும்வரை காத்திருந்திருக்கிறாள். எவ்வளவு நேரத்தில் முடியும் என்று அவளுக்கு விரல் கணக்காகத் தெரிந்திருக்கிறது. நான் காது வலி என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாமி பாட்டுக் கடைக்காரரை நினைத்தேன். ஆறுதலாக இருக்கும் என்றுதானே அந்த மனிதர் சொன்னார், அதற்கே அவரைக் கடையில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கிழித்தேன். நான் சொன்னதும் வேறென்ன? அழாமல் கிடக்கட்டும் என்றுதானே. அதையும் அவர் என் தங்கை காதுபடச் சொல்லவில்லை. அப்போது வந்த மாதிரி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. யாரோடு போட்டுத் தீர்ப்பது என்று தெரியாத கோபம். முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் உயர்ந்துவிட்டது. பழக்கம் அப்படி.

"சொன்னேன்லக்கா. விட்ட எடத்துலேருந்து வர்ற மாதிரி வேணும்னு" என்றாள்.

அந்த ஏழாம் பாடத்தைத் திரும்பப் படித்துத் தருகிறேன், பழையதை அழித்துவிடலாம் என்றேன். அவள் தலையசைத்தாள். வேண்டாமாம். ஏழாம் பாடம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டதாம். பத்தொன்பதாம் பாடம் இன்னும் நான் படித்துத் தரவில்லை, பரீட்சைக்கு நாள் அதிகம் இல்லை, அதைப் படித்தால் போதும் என்றாள். பெரம்பலூர் நெருங்கும்வரை முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தேன். நான் அழுவது அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாமல் அவள் கேட்டதுதான் எவ்வளவோ.

பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது புதிய பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"பாஸாயி என்னா பண்ணப்போவுதுன்னு கேட்டல்ல. மொத சம்பளத்துல டவுன்ல தனியா ஒரு வூடு பாத்துக்கிட்டுப் போயிருவேன். எத்தினி படி ஏறணும், தண்ணி எந்தப் பக்கம் வரும்னுலாம் விசாரிச்சி வச்சிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், எனக்கு அது தெரியும். இறங்கும்போது கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டு இறங்கினாள், கீழே கால் ஊன்றியதும் விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். பத்தொன்பதாம் பாடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பதிவைப் போட்டேன். பாதியில் யாரோ வந்து தட்டினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.